குளிரும் தெய்வம், குளிராத கடவுள்

வைகாசி பிறந்து கச்சான் காற்று அடிக்கத் தொடங்கும்போது எங்கள் கிழக்கிலங்கைக் கரையில் அம்மாள் கோயில்களின் கதவு திறக்கும். பழைய முறைப்படி, வருடத்தின் மற்ற நாளெல்லாம் பூட்டியே கிடக்கும் கதவு அது. ஆரையம்பதி, செட்டிபாளையம், காரைதீவு, தம்பிலுவில் என்று மட்டக்களப்பிலிருந்து அம்பாறைக் கரை வரைக்கும் கண்ணகை அம்மன் சடங்கு நடக்கும். கல்யாணக்கால் நடுவார்கள், மடை வைப்பார்கள், உடுக்கு அடித்து அவள் கதையான வழக்குரை பாடுவார்கள். கடைசி இரவில் திருக்குளிர்த்தி. மஞ்சளும் வேப்பிலையும் சேர்ந்த நீரை வைத்துக்கொண்டு, குளிர்ந்தருளும்படி அம்மாளை வேண்டிப் பாடுவார்கள். பாட்டு முடிந்து அந்த நீர் எங்கள் தலையில் தெளிக்கப்படும்போது விடிவதற்குக் கொஞ்ச நேரமே இருக்கும்.

எட்டு, ஒன்பது வயதில் அம்மம்மாவிடம் கேட்டேன், தெய்வத்துக்கு எதற்குக் குளிர்த்தி என்று.

"அவ எரிஞ்சு வந்தவ மனே. மதுரைய எரிச்ச சூடு இன்னும் ஆறல்ல. அவ குளிர்ந்தாத்தான் ஊர் குளிரும்" என்றார்.

அன்று பகல் அப்பாவோடு காத்தான்குடிக்குப் போனேன். ஆரையம்பதிக்கு வடக்கே அடுத்த ஊர் அதுதான். எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று வெளியூரார் கண்டுபிடிக்க மாட்டார்கள். அங்கே அப்பாவின் சிநேகிதர் ஒருவருக்குப் புடவைக் கடை இருந்தது. என் கண் சிவந்திருப்பதைப் பார்த்து விசாரித்தார். குளிர்த்தி பார்த்த கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, ஒரு துளி கேலியும் இல்லாமல் சொன்னார்: "எங்கட றப்புக்குச் சூடுமில்ல, குளிருமில்ல மகன். அவனுக்கு ஒண்டும் தேவையில்ல. நமக்குத்தான் அவன் தேவை."

இரண்டு பேச்சும் ஒரே நாளில் காதில் விழுந்தவை. கடவுளைப் பற்றிப் பின்னால் நான் படித்ததெல்லாம் இந்த இரண்டு வாக்கியங்களுக்கு இடையில்தான் வந்து நின்றிருக்கிறது. கடவுள் உண்டா இல்லையா, ஒன்றா பலவா, உருவமா அருவமா என்று ஓயாமல் விவாதிக்கிறோம். அவற்றுக்கெல்லாம் அடியில் இருக்கும் கேள்வியை அம்மம்மாவும் கடைக்காரரும் தொட்டுவிட்டார்கள். நமக்கு நேர்வது கடவுளைத் தொடுமா? நம் அழுகையும் நம் வேண்டுதலும் அந்தப் பக்கத்தில் ஏதாவது மாற்றத்தை உண்டாக்குமா? 'ஆம்' என்று சொல்கிறவர் நினைக்கும் கடவுள் வேறு, 'இல்லை' என்று சொல்கிறவர் நினைக்கும் கடவுள் வேறு. இருவரும் ஒரே கோயிலில் பக்கத்தில் பக்கத்தில் நின்று கும்பிடக்கூடும்.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். கடவுள் என்றால் எல்லாவற்றையும் கடந்தும் எல்லாவற்றின் உள்ளும் இருப்பவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அழகான விளக்கம்தான். ஆனால் சங்கப் பாட்டுகளில் கடவுள் அப்படி எல்லாவற்றையும் கடந்து நிற்பதில்லை. மரத்தில் இருக்கிறது, மலையில் இருக்கிறது, நீர்த்துறையில் இருக்கிறது. அஞ்சத்தக்கதாக இருக்கிறது, பலி கேட்கிறது. தெய்வம் என்ற சொல்லுக்கோ ஊழ் என்ற பொருளும் உண்டு. தெய்வத்தால் ஆகாதென்றாலும் முயற்சி கூலி தரும் என்று குறள் சொல்லும்போது அங்கே தெய்வம் யாரோ ஒரு ஆள் என்று கொள்ளத் தேவையில்லை. விதி என்றே உரைகாரர் பொருள் கொண்டார்கள். ஆக நம் பழைய சொற்களுக்குள்ளேயே இரண்டும் கிடக்கின்றன: கேட்டுக் கோபித்து இரங்கும் ஒன்று, யாருக்கும் செவி சாய்க்காத ஒன்று.

தமிழில் வேதாகமத்தை மொழிபெயர்க்க வந்தவர்கள் இந்தச் சொற்களோடு பட்ட பாட்டைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க் காலத்தில் 'சர்வேசுரன்'. பின்னர் பப்ரிசியுஸ் மொழிபெயர்ப்பில் 'பராபரன்'. பத்தொன்பதாம் நூற்றாண்டில் 'தேவன்' நிலைத்தது. இருபதாம் நூற்றாண்டில் 'கடவுள்'. மட்டக்களப்பின் வயதான கத்தோலிக்கர் செபம் சொல்லும்போது இன்றைக்கும் சர்வேசுரன் வருவார். மெதடிஸ்தக் கோயிலில் கர்த்தரும் தேவனும். ஒவ்வொரு சொல்லையும் எடுத்தவர்கள் அதற்குள் ஏற்கெனவே குடியிருந்த பழைய தெய்வத்தை வெளியே அனுப்பப் பார்த்தார்கள். தேவன் என்றால் தேவர்களில் ஒருவன் ஆகிவிடுவானே என்ற பயம்; பராபரன் என்றால் கூப்பிட்டால் கேட்காத தூரத்துக்குப் போய்விடுவானே என்ற பயம். இரண்டு பயமும் நியாயமானவை என்றே நினைக்கிறேன்.

கண்ணகை அம்மனிடம் கொஞ்சம் கூடுதலாக நிற்க வேண்டும். ஏனென்றால் அவளைப் பற்றிப் பேசும்போது படித்தவர்கள் குரலில் ஒரு இளக்காரம் எப்போதும் வரும், சிறுதெய்வம் என்று. அவள் கதையின் மையம் என்ன? அநீதி இழைக்கப்பட்ட ஒரு மனிதப் பெண். அவள் கணவனை அரசன் விசாரிக்காமல் கொன்றான். அவள் சபைக்குப் போய்ச் சிலம்பை உடைத்து வழக்குரைத்தாள், வென்றாள், வென்ற பிறகும் சூடு அடங்காமல் நகரை எரித்தாள். பிறகுதான் தெய்வமானாள். உலகத்தைப் படைத்தவள் என்று அவளைப் பற்றி யாரும் சொல்வதில்லை. எல்லாம் வல்லவள் என்றும் அம்மம்மா சொல்லிக் கேட்டதில்லை. அவளுடைய தெய்வத்தன்மை முழுவதும் அவள் பட்டதிலிருந்து வருகிறது. பட்டவள் என்பதால் படுகிறவரை அறிவாள்.

அந்தச் சூடு வெறும் கதையிலும் இல்லை. கச்சான் காற்று நிலத்தை உலர்த்தும் மாதங்கள் வைகாசியில்தான் தொடங்குகின்றன. எங்களுக்கு மாரி மழை ஐப்பசிக்குப் பிறகுதான். அந்த இடைக்காலத்தில் குளம் வற்றும், கிணறு இறங்கும், அம்மை வரும். அம்மை கண்டால் 'அம்மாள் வருத்தம்' என்போம். வேப்பிலை கட்டி, குளிர்ந்ததைக் கொடுத்து, வீட்டில் சண்டை சச்சரவு இல்லாமல் பார்த்துக்கொள்வோம். வானத்தின் வெப்பம், உடலின் வெப்பம், அநீதியின் வெப்பம் மூன்றையும் ஒன்றாகப் பார்க்கிற ஒரு சிந்தனை இது. ஊரில் நியாயம் தவறினால் தெய்வம் கொதிக்கும், தெய்வம் கொதித்தால் நிலமும் உடம்பும் கொதிக்கும். இதை அறியாமை என்று தள்ளுகிறவர்கள், அரசன் தவறினால் மழை தவறும் என்று சொன்ன தமிழ் நீதி நூல்களையும் சேர்த்துத் தள்ள வேண்டியிருக்கும்.

தள்ளியவர்கள் உண்டு. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் (1822-1879) சைவத்தை ஆகம வழியில் ஒழுங்குபடுத்த முனைந்தபோது, கண்ணகி வழிபாட்டை வன்மையாகக் கண்டித்தார். மானிடப் பெண், அதுவும் வணிகர் குலத்துச் சமணப் பெண், எப்படிச் சைவருக்குத் தெய்வம் ஆவாள்? அவருடைய கடவுட் கொள்கையின்படி அந்தக் கேள்வி சரியானதே: பிறப்பு இறப்பு உடையது பதி, அதாவது இறைவன், ஆகாது. அங்கே பல கண்ணகி கோயில்கள் இராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி என்று பெயர் மாறின. இங்கே மாறவில்லை, இன்று மெல்ல மாறுகிறது. மரபுப் பூசாரியான கட்டாடியார் இருந்த இடத்துக்குக் குருக்கள் வருகிறார், கோபுரம் எழுகிறது, வருடத்துக்கு ஒருமுறை திறந்த கதவு நாள்தோறும் திறக்கிறது. அதில் தவறென்ன என்று கேட்பார்கள். கட்டடம் பெரிதாவதில் தவறில்லை. நாள்தோறும் அபிஷேகம் காணும் ஒரு தெய்வத்தைத் தனியாகக் குளிரவைக்கத் தேவையில்லை என்று ஆகிவிடுகிறதே, அதுதான் என்னை வருத்துகிறது. ஒரு சடங்கு போகும்போது கடவுளைப் பற்றிய ஒரு கருத்தும் கூடவே போகிறது, யாரும் அதை மறுத்து வாதாடாமலே.

நாவலர் நின்ற பக்கத்தின் ஆழத்தையும் சொல்லியாக வேண்டும். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். கொக்கட்டி மரத்தை வெட்டப் போனபோது இரத்தம் பெருகியது, அங்கே லிங்கம் இருந்தது என்று ஊர் சொல்லும். சைவ சித்தாந்தம் லிங்கத்தை அருவுருவம் என்கிறது. உருவமும் இல்லை, உருவமின்மையும் இல்லை, அந்த இரண்டுக்கும் நடுவில் கண் நிறுத்திக்கொள்ளும் ஓர் அடையாளம். மெய்கண்டார் பதின்மூன்றாம் நூற்றாண்டில் பன்னிரண்டே சூத்திரங்களில் வகுத்த அந்தத் தத்துவத்தில் பதி, பசு, பாசம் (இறை, உயிர், தளை) மூன்றும் தொடக்கம் இல்லாதவை. ஆக, கடவுள் நம் உயிரைப் படைக்கவில்லை! இதைப் பல சைவர்களே அறிந்திருப்பதில்லை. மண் இல்லாமல் குயவன் பானை வனைய முடியாது. அப்படியே மாயையிலிருந்து உலகத்தை ஆக்குகிறான் இறைவன், உயிர்கள் தம் அழுக்கைக் கழுவிக்கொள்வதற்காக.

அவன் எப்படிச் செய்கிறான்? இங்கேதான் அவர்கள் சொல்லும் சூரியன் வருகிறது. ஒரே சூரியன் முன்னால் ஒரு தாமரை விரிகிறது, ஒன்று மொட்டாகவே நிற்கிறது, ஒன்று வாடுகிறது. சூரியனுக்கு இந்தத் தாமரை மீது ஆசையும் இல்லை, அந்தத் தாமரை மீது பகையும் இல்லை. அதில் எந்த மாற்றமும் இல்லை. சிவன் கோபித்தான் என்று புராணம் சொன்னால், சித்தாந்தம் அதை மறக்கருணை என்று திருத்திச் சொல்லும். கசப்பு மருந்து கொடுக்கும் தாய் மாதிரி, தண்டிப்பதும் அருளே. உள்ளே சூடு ஏறிய தெய்வம் அல்ல அது. அம்மம்மாவின் அம்மாளிலிருந்து எவ்வளவு தூரம்!

ஆனால் அதே கொக்கட்டிச்சோலையில் தேர் இழுக்கப் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். போர்த்துக்கேயப் பறங்கியர் கோயிலை இடிக்க வந்தபோது கல் நந்தி எழுந்து புல் தின்ற கதையைச் சொல்வார்கள். சூரியன் அப்படிச் செய்யாது. யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டிருந்து, பொறுக்காமல், இடையில் புகுந்த கதை அது. தத்துவம் சூரியனைத் தருகிறது, நேர்த்தி வைக்கிறவருக்கு நந்தி வேண்டும்.

இதே பிளவு பள்ளிவாசலுக்குள்ளும் உண்டு என்பதைக் காத்தான்குடி எனக்குக் கற்றுத் தந்தது. வெளியிலிருந்து பார்க்கிற தமிழர் பலர், இஸ்லாத்தில் கடவுள் விஷயம் ஒரே வரியில் தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். நாங்கள் கலிமா என்ற இஸ்லாமிய உறுதிமொழியையே பெரும்பாலும் பிழையாக விளங்கிக்கொள்கிறோம். ஒரே ஒரு கடவுள்தான் இருக்கிறார் என்று எண்ணிக்கை சொல்வதாக. இங்கே உலமாக்கள் அதைத் தமிழில் சொல்லும்போது, வணக்கத்துக்குரிய நாயன் அல்லாஹ்வைத் தவிர வேறு யாருமில்லை என்று சொல்வார்கள். 'இலாஹ்' என்றால் வணங்கப்படுவது. யாருக்குத் தலை சாய்க்கலாம் என்பதே அங்கே முதல் கேள்வி. காசுக்கும் பதவிக்கும் சாய்த்தாலும் கலிமா உடைகிறது என்று அந்தக் கடைக்காரர் பின்னொரு நாள் சொன்னார்.

'அவனுக்கு ஒண்டும் தேவையில்ல' என்று அவர் சொன்னதும் குர்ஆனில் உள்ளதுதான். இக்லாஸ் அத்தியாயத்தில் அல்லாஹ்வுக்கு 'ஸமத்' என்று ஒரு பெயர் வருகிறது: எதன் தேவையும் அற்றவன், எல்லாரும் தேவைக்கு அவனிடமே திரும்புகிறார்கள். ஆனால் 'என் கருணை என் கோபத்தை முந்திவிட்டது' என்று இறைவன் சொன்னதாக நபிமொழியும் இருக்கிறது. தேவையற்றவனுக்குக் கோபம் எப்படி வரும்? இந்தக் கேள்வி அறிஞர்களைப் பல நூற்றாண்டுகள் உழைக்க வைத்தது. கிழக்கிலங்கை முஸ்லிம்கள் சட்டத்தில் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுகிறவர்கள், கொள்கையில் பெரும்பாலும் அஷ்அரி மரபு. அந்த மரபின் அறிஞர் பலர் கோபம் என்றால் தண்டிக்க நாடுவது என்று விளக்கினார்கள். உள்ளே ஏற்படும் கொதிப்பு அல்ல. மறக்கருணை விளக்கத்துக்கு இது எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது! இன்னொரு சாரார், அவன் தன்னைப் பற்றிச் சொன்னதை அப்படியே ஏற்க வேண்டும், எப்படி என்று கேட்கவும் கூடாது, வேறு பொருள் கொடுக்கவும் கூடாது என்றார்கள். கடந்த சில பத்தாண்டுகளில் தவ்ஹீத் அமைப்புகளுக்கும் பழைய மரபினருக்கும் இடையில் நடக்கும் வாதங்களில் ஒரு பகுதி இந்தப் பழைய வாதத்தின் தொடர்ச்சி. தர்காக் கந்தூரியும் கொடியேற்றமும் மட்டும் அங்கே விவாதம் அல்ல.

சூபிகள் இன்னும் ஒரு படி போனார்கள். ஸ்பெயினில் 1165இல் பிறந்து டமஸ்கஸில் 1240இல் மறைந்த இப்னு அரபியின் வழியில், உண்மையான இருப்பு ஒன்றே, மற்றதெல்லாம் அதன் வெளிப்பாடு என்றார்கள். வஹ்ததுல் வுஜூத் என்று பெயர். அதைப் பாரசீகத்தில் சுருக்கி 'எல்லாம் அவனே' என்று சொல்வார்கள். இந்தியாவில் அஹ்மத் சர்ஹிந்தி (1564-1624) அதை மறுத்து, 'எல்லாம் அவனிலிருந்தே' என்று திருத்தினார். ஒன்றென்று தோன்றுவது காண்பவரின் அனுபவம், உண்மையில் படைத்தவன் வேறு, படைப்பு வேறு. இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் ஒரு வேற்றுமை உருபுதான். அந்த உருபுக்காகக் காத்தான்குடியில் வீடு எரிந்திருக்கிறது, ஆட்கள் ஊரைவிட்டுப் போயிருக்கிறார்கள். அவை 2004இலும் 2006இலும் நடந்தவை. கடவுள் என்றால் என்ன என்ற கேள்வி ஏட்டுச் சுரைக்காய் என்று நினைக்கிறவர்களுக்கு அந்தத் தெருக்கள் பதில் சொல்லும். எல்லாம் அவனே என்றால் என் துயரமும் அவனுடையதே ஆகிறது. எல்லாம் அவனிலிருந்தே என்றால் அவன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், நடுவில் தொழுகை. எதை ஏற்பது என்பது அவரவர் ஈமான். ஆனால் இரண்டும் கடவுளை மதிக்கிறவர்களின் பேச்சு என்பதை எதிரியும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று மனதாரக் கேட்கிறேன்.

மட்டக்களப்பில் மெதடிஸ்த மிசன் 1814இல் காலூன்றியது. கத்தோலிக்க இயேசு சபைக் குருமார் அந்த நூற்றாண்டின் இறுதியில் வந்தார்கள். அந்தக் குருமார் படித்து வந்த தத்துவம் தோமஸ் அக்குவைனாஸ் (1225-1274) வகுத்தது. கடவுள் என்பது இருக்கின்ற பொருள்களில் ஒன்று அல்ல, மிகப் பெரிய ஒன்றும் அல்ல. இருத்தல் என்பதே கடவுள். அப்படிப்பட்டதில் மாற்றம் வராது, துன்பம் தொடாது. ஆனால் பெரிய வெள்ளியன்று சிலுவைப் பாதையில் முழந்தாளிடும் தாய்மார் பார்ப்பது முள்முடியும் இரத்தமும். இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? 451இல் கல்சதோன் சங்கம் ஒரு வழி சொன்னது: ஒரே ஆள், இரண்டு இயல்புகள். துன்புற்றது மனித இயல்பில் என்று அதைக் கொண்டு விளக்கினார்கள். பல நூற்றாண்டுகள் அது போதுமானதாக இருந்தது. உலகப் போர்களுக்குப் பிறகு போதவில்லை. நாசிகளின் சிறையிலிருந்து, துன்புறும் கடவுளால் மட்டுமே நமக்கு உதவ முடியும் என்று எழுதினார் டீட்ரிச் பொன்ஹோபர் என்ற ஜெர்மன் போதகர். 1945 ஏப்ரலில் அவரைத் தூக்கிலிட்டார்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களுக்கு எந்தக் கடவுள் தேவைப்பட்டிருப்பார் என்று நான் சொல்ல முடியாது. தாக்க முடியாத இருப்பா, காயம்பட்ட கையா? அவர்களில் சிலருக்கு இரண்டும்.

பௌத்தரிடம் இந்தக் கேள்வி இல்லாமல் போகிறது என்று தோன்றும். படைத்த கடவுள் அங்கே இல்லை. ஆனால் அம்பாறைப் பக்கத்துச் சிங்களக் கிராமத்தவர் வேலையைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். புத்தர் பரிநிர்வாணம் அடைந்தவர், வேண்டுதலுக்கு இரங்கும் நிலையைக் கடந்தவர். தீகவாபித் தாதுகோபத்தில் பூ வைப்பது கேட்பதற்காக அல்ல. நோய் தீரவும் மழை பெய்யவும் கேட்க வேண்டியது பத்தினித் தெய்யோவிடம். பத்தினி வேறு யாருமல்ல, எங்கள் கண்ணகைதான். இங்கே குளிரவைக்கப்படுகிறவள் அங்கே எதிர்காலத்தில் புத்தராகப் போகிறவள்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, எல்லாம் ஒன்றுதானே, எல்லா ஆறும் ஒரே கடலுக்குத்தானே என்று சொல்வது இங்கே சர்வமதக் கூட்டங்களில் வழக்கம். நல்ல மனதோடு சொல்கிறார்கள், கலவரம் பார்த்த மண்ணில் அந்த வாக்கியத்துக்கு ஒரு தேவையும் இருந்தது. ஆனால் அது உண்மையில்லை. கண்ணகையை வணங்குகிறவருக்கும் ஸமத் என்று தொழுகிறவருக்கும் கடவுள் ஒன்றுதான் என்றால், இருவரும் சொல்வதை நாம் காது கொடுத்துக் கேட்கவில்லை என்றே பொருள். ஒன்று என்று சொல்லாமலும் பக்கத்து வீட்டில் மரியாதையோடு இருக்கலாம். ஆரையம்பதியும் காத்தான்குடியும் நல்ல நாட்களில் அப்படித்தான் இருந்தன. நாத்திகரிடமும் இதையே கேட்கிறேன்: எந்தக் கடவுளை மறுக்கிறீர்கள்? வானத்திலிருந்து தண்டிக்கும் ஒருவரை மறுப்பவருக்கு அக்குவைனாஸும் இப்னு அரபியும் சங்கரரும் கைகொடுப்பார்கள். கல்லைக் கும்பிடுவதை மறுப்பவருக்கு மௌலவியும் போதகரும் கைகொடுப்பார்கள். ஒன்றை மறுத்துவிட்டு எல்லாவற்றையும் மறுத்ததாக நினைப்பதுதான் பிழை.

ஒன்று என்று சொல்வதற்கு உரிமையுள்ள ஒருவர் இந்த மண்ணில் பிறந்தார். காரைதீவில் 1892இல் மயில்வாகனமாகப் பிறந்து, இராமகிருஷ்ண மடத்தில் துறவு பூண்டு, 1947இல் மறைந்த சுவாமி விபுலானந்தர். அவருடைய குருமரபின் மூலவரான இராமகிருஷ்ணர் ஒரு உவமை சொல்வார்: பாம்பு சுருண்டு கிடந்தாலும் பாம்புதான், நெளிந்து போனாலும் பாம்புதான். அசையாத பிரமமும் அசையும் காளியும் அப்படியே. தொடப்படாத கடவுளும் தொடப்படும் கடவுளும் ஒன்றின் இரு நிலைகள். இதை அத்துவைதம் படித்து மட்டும் விபுலானந்தர் ஏற்றுக்கொண்டிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. காரைதீவில் அவர் பிறந்து வளர்ந்த சூழலே கண்ணகை அம்மன் கோயிலைச் சுற்றியது. கல்லடி உப்போடையில் அவர் சமாதியில் பொறித்திருக்கும் அவருடைய பாட்டை நின்று படித்துப் பாருங்கள். எந்த மலரை ஈசன் வேண்டுகிறான் என்று கேட்டு, உள்ளக் கமலத்தையே வேண்டுகிறான் என்று பதில் சொல்லும். உருவமும் பெயரும் அற்ற பிரமத்தைப் படித்த துறவி, 'வேண்டுவது' என்ற சொல்லை விடவில்லை. வேண்டுகிற கடவுளுக்கு ஒரு குறை இருக்கிறது, நம்மால் தீரக்கூடிய குறை.

2004 டிசம்பர் 26, சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. கோயிலிலும் தேவாலயத்திலும் விகாரையிலும் ஆட்கள் இருந்த காலை. இலங்கையில் அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. நாவலடி, கல்லடி, கல்லாறு, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று கரையோர ஊர்ப் பெயர்களைச் சொன்னாலே போதும். கல்லடியில் திருச்செந்தூர் முருகன் கோபுரம் சாய்ந்து நின்றதைப் பலர் வந்து பார்த்துப் போனார்கள். அதற்குப் பிந்திய மாதங்களில் எங்கள் ஊர்களில் எல்லாரும் கடவுட் கொள்கை பேசினார்கள், அது கடவுட் கொள்கை என்று தெரியாமலே. வினை என்றார்கள். சோதனை என்றார்கள். பாவத்துக்குத் தண்டனை என்று சிலர் பிரசங்கம் செய்தார்கள். அதை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை, கைக்குழந்தைகள் போயிருந்தன. நீரில் மூழ்கி இறந்தவர் ஷஹீத் (உயிர்த்தியாகி) என்ற நபிமொழி பல முஸ்லிம் வீடுகளைத் தாங்கிப் பிடித்தது. பூமித்தட்டு அசைந்தது, கடலுக்கு மனசில்லை என்று விஞ்ஞான ஆசிரியர் சொன்னார். அதுவும் சிலருக்கு ஆறுதலாக இருந்தது: யாரும் வேண்டுமென்று செய்யவில்லை.

புடவைக் கடைக்காரரைச் சில கிழமை கழித்துப் பார்த்தேன். மருதமுனையில் கட்டிக்கொடுத்திருந்த மகளும் பேரப்பிள்ளையும் போய்விட்டார்கள். இன்னா லில்லாஹி என்று அமைதியாகச் சொன்னார். பிறகு கை ஏந்தி துஆ கேட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். அது தேவையற்ற ஒருவனிடம் பேசும் குரல் இல்லை. கேட்டுக்கொண்டிருக்கிற, பார்த்துக்கொண்டிருந்த, பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவனிடம் வாதாடுகிற குரல். நடுவில் நிறுத்தி, "அவன் பாத்துக்கொண்டுதான் இருந்தான் மகன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, மறுபடி தொடங்கினார்.

அம்மம்மாவின் தங்கை கல்லாற்றில் போனார். அம்மம்மா அம்மாளைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "எழுத்து" என்றார், அவ்வளவுதான். யாரையும் கோபிக்க முடியாத, யாரிடமும் கேட்க முடியாத சொல். சடங்கு தொடங்கியபோது கதவு திறக்கப் போகவில்லை, கல்யாணக்காலுக்குப் போகவில்லை. கடைசி நாள் பொழுதுபட, தன்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். பாட்டு முழுவதும் கண்ணை மூடாமல் இருந்தார். நீர் தெளிக்கும்போது முன்னால் போய், கொண்டுவந்திருந்த சின்னப் போத்தலை நீட்டினார். கட்டாடியார் எதற்கென்று கேட்காமல் நிரப்பிக் கொடுத்தார்.

விடிந்ததும் கல்லாற்றுக்கு பஸ் ஏறினோம். வீடு இருந்த இடத்தில் அத்திவாரமும் கிணற்றுக்கட்டும் மட்டும் நின்றன. அம்மம்மா குந்தியிருந்து போத்தலைத் திறந்து, குசினி இருந்த மூலையில் அந்த நீரை மெல்ல மெல்ல ஊற்றினார். மணல் உடனே குடித்துவிட்டது.